திங்கள், புதன், வெள்ளி மட்டும் இறங்கும் மூடுபனி

மேடைக்குப் பெருமையாய் நடுநாயகமாய் அமர்ந்திருக்கும் தோரவே தீவின் ஊர் மன்றத் தலைவர் ஹெக்டர் அவர்களே! காற்றையும் கடலையும் கடந்து எங்களுக்காக வந்திருக்கும், எடின்பரோ நாடாளுமன்றத்தில் எங்கள் குரலாய் ஒலிக்கும் உறுப்பினர் இஷ்பெல் அவர்களே! நாளை ஞாயிறு, ஓய்வுநாள், ஆட்டம் நள்ளிரவைத் தாண்டிவிடக் கூடாது என்று இப்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் போதகர் அவர்களே! பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் முன்னால் என் பேச்சையும் பொறுத்துக்கொள்ள வந்திருக்கும் பெரியோர்களே! கம்பளி பின்னியபடியே காதை மட்டும் என்னிடம் தந்திருக்கும் தாய்மார்களே! கேக்குத் தட்டின் மேலேயே கண்ணாயிருக்கும் கண்மணிகளே! உட்கார நாற்காலி இருந்தும் உட்காராமல், கதவோரமாய் நின்று, எப்போது நழுவலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் கேப்டன் டோர்மட் அவர்களே! முன் வரிசையில் அமர்ந்து, தன் பெயரை நான் சொல்லிவிடக் கூடாது என்று கண்ணால் கெஞ்சிக்கொண்டிருக்கும் என் கணவர் லாக்லன் அவர்களே!

உங்கள் அனைவருக்கும் இந்த எஃபியின் பணிவான வணக்கம்.

பேசத் தெரியாதவள் என்று சொல்லித் தொடங்குவது மேடை மரியாதை. நான் அப்படிச் சொன்னால் நீங்கள் யாரும் நம்பமாட்டீர்கள். அதனால் நேராகச் சொல்கிறேன். எங்கள் வீடு விற்பனைக்கு இல்லை! வாசலில் நட்டிருந்த பலகையைப் பிடுங்கிவிட்டேன்! நானும் லாக்லனும் தோரவேயை விட்டு எங்கும் போகவில்லை!

கை தட்டுங்கள், தட்டுங்கள். இந்த ஓசையைக் கேட்கத்தானே இத்தனை மாதம் என் நெஞ்சு ஏங்கிக் கிடந்தது!

நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று நினைக்கிறீர்கள். பாதிதான் தெரியும். மீதியை நான் சொல்கிறேன்.

என் கணவரின் சிறுநீரகம் இரண்டும் ஓய்வு கேட்டன. அவருக்கு ஓய்வு என்றால் என்னவென்றே தெரியாது. அவருடைய உறுப்புகளுக்குத் தெரிந்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, கடல் தாண்டி அக்கரை மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஓர் இயந்திரம் அவருடைய இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே அனுப்பும். அது முடிய மாலை ஆறு மணி ஆகும். அக்கரையிலிருந்து கடைசிக் கப்பல் புறப்படும் நேரம் என்ன? சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள்! ஐந்தரை!

ஆறு மணிக்குச் சிகிச்சை முடியும் மனிதன் ஐந்தரை மணிக் கப்பலில் எப்படி ஏறுவான்? பறந்தா வருவான்? ஆனாலும் என் கணவர் ஒரு நாளும் கப்பலைத் தவறவிட்டதில்லை. ஏன் தவறவிடவில்லை? கதவோரம் நிற்கும் அந்த மனிதரைக் கேளுங்கள்!

கேப்டன் டோர்மட் காத்திருந்தார். மழையில் காத்திருந்தார், பனியில் காத்திருந்தார். வாடகைக் காரின் விளக்கு துறைமுகச் சாலையில் திரும்பும்வரை கயிற்றை அவிழ்க்காமல் காத்திருந்தார். தாமதம் ஏன் என்று கப்பலின் பதிவேட்டில் எழுத வேண்டுமே? என்ன எழுதினார் தெரியுமா? மூடுபனி! ஐயா, உலகத்தில் எத்தனையோ வகை மூடுபனி உண்டு. திங்கள் இறங்கி, செவ்வாய் விலகி, புதன் இறங்கி, வியாழன் விலகி, வெள்ளி மறுபடி இறங்கும் ஒழுக்கமான மூடுபனியை டோர்மட்டைத் தவிர வேறு எந்த மாலுமி கண்டிருக்கிறான்?

சிரியுங்கள், சிரியுங்கள்! ஆனால் கப்பலில் இருந்தவர்கள் யார்? நீங்கள்தானே? வீட்டில் ஆடு காத்திருக்க, அடுப்பு காத்திருக்க, மேல்தளத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தீர்களே! ஒருவராவது முணுமுணுத்தீர்களா? ஒருவராவது கம்பெனிக்கு ஒரு வரி எழுதினீர்களா? என் கணவர் மூச்சிரைக்க ஏறி வரும்போது எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கடலைப் பார்த்தீர்களே, அவர் கூச்சப்படக் கூடாதென்று! அந்த அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? ஆனால் அந்த அன்புதான் எங்களை வீட்டை விட்டே துரத்தப் பார்த்தது. எப்படி என்கிறீர்களா? பொறுங்கள். ஏங்கஸ், அந்தத் தேநீர்ப் பாத்திரம் என்னைவிடச் சத்தமாகக் கொதிக்கிறது, கொஞ்சம் அணையப்பா.

நன்றி.

இலையுதிர் காலத்தில் கப்பல் கம்பெனிக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். நேரம் தவறினால் கேப்டன் பதில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. டோர்மட்டுக்கு முதல் எச்சரிக்கை வந்தது. இன்னொன்று வந்தால் கப்பலை விட்டு இறங்க வேண்டியதுதான். அதற்குப் பிறகு கப்பல் ஐந்தரைக்கே புறப்பட்டது. மூடுபனி மாயமாய் மறைந்தது. என் கணவரும் நேரத்துக்கு வந்து ஏறினார். ஊரே மகிழ்ந்தது. மருத்துவமனையில் இப்போது சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள் போல என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் ஒரு காலை, அவருடைய கால் காலணிக்குள் நுழையவில்லை. கணுக்கால் இரண்டும் பானையாய் வீங்கியிருந்தன. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்தார். முப்பது வருடமாக அங்கே தொங்கும் படம்! அன்று இரவல்ல, அந்த நிமிடமே பிடித்துக்கொண்டேன்.

“என்னய்யா நடக்குது? உண்மையச் சொல்லு.”

“ஒண்ணுமில்ல எஃபி. கொஞ்சம் உப்பு கூடிப்போச்சு.”

“உப்பு போடுறவ நான். எனக்குத் தெரியாத உப்பா? சொல்லுறியா, நர்சுக்கு போன் போடட்டுமா?”

தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். “கடைசி ஒரு மணி நேரத்த விட்டுட்டு வந்துடுறேன். ஊசியக் கழட்டச் சொல்லிடுவேன்.”

“கழட்டச் சொல்லுவியா? நர்சு எப்படி விட்டா?”

“கையெழுத்து போட்டுக் குடுத்தா விட்டுடுவாங்க. திட்டிக்கிட்டேதான் விடுறாங்க. வேற என்ன பண்ணச் சொல்ற? நான் லேட்டா போனா டோர்மட் நிப்பான். நின்னா அவன் வேல போயிடும். அவனும் நானும் ஒரே பெஞ்சுல படிச்சவங்க எஃபி.”

சபையோரே! என் கணவர் செத்துக்கொண்டிருந்தார். நோயால் அல்ல! நாகரிகத்தால்! நண்பன் காத்திருக்கக் கூடாதே என்று, தன் இரத்தத்தில் நஞ்சை மிச்சம் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு மூன்று முறை வணக்கம் சொல்லிக் கப்பலேறிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். அழுதேன். ஒரு தட்டையும் உடைத்தேன், என் மாமியார் கொடுத்த தட்டு, அதற்கு மட்டும் எனக்கு வருத்தமில்லை. கடைசியில் அவர் சொன்ன தீர்வு என்ன தெரியுமா? “வீட்ட வித்துட்டு அக்கரைக்கே போயிடுவோம். யாருக்கும் தொந்தரவு இல்ல.”

யாருக்கும் தொந்தரவில்லையாம்! அவர் பிறந்த மண், அவர் அப்பா கட்டிய வேலி, அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வரும் ஆடுகள், இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவது தொந்தரவில்லையாம்! பலகையை நட்டுவிட்டோம். நட்டது அவர். நான் சமையலறை ஜன்னலின் திரையை இழுத்துவிட்டேன், அது கண்ணில் படக் கூடாதென்று.

அப்போதுதான் உறுப்பினர் இஷ்பெல் வழக்கம்போல் குறை கேட்க வந்தார். இதே மண்டபம், அதோ அந்தச் சமையலறையில், ரொட்டி வெட்டும் மேசைதான் அவருக்கு அலுவலகம். நான் மூன்று பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். முதல் பக்கம் கப்பல் கம்பெனியைத் திட்டி. இரண்டாம் பக்கம் அந்த அதிகாரியைத் திட்டி. மூன்றாம் பக்கம் பொதுவாகத் திட்டி. பொறுமையாகப் படித்தார். அவருடைய உதடு துடித்தது, சிரிப்பை அடக்கியிருப்பார் போல.

“எஃபி, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இத அப்படியே அனுப்ப முடியாது. அரசுக்கு எழுதிக் கேக்குற கேள்வியில திட்டு இருக்கக் கூடாது, வாதம் இருக்கக் கூடாது, நம்ம அபிப்பிராயமும் இருக்கக் கூடாது.”

“அதெல்லாம் எடுத்துட்டா என்னம்மா மிச்சம்?”

“கேள்விதான் மிச்சம்.”

அடேயப்பா! என் மூன்று பக்கத்தைச் சுருக்கி மூன்று வரியாக்கினார். ஆஸ்பத்திரியும் கப்பலும் எடின்பரோவின் பொறுப்பு என்பதால் கேள்வி அங்கேதான் போகும். அமைச்சர் எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும், அந்தப் பதிலை உலகமே படிக்கலாம். கேள்வி இதுதான்: சிகிச்சைக்கு வந்த தோரவே நோயாளிகளில் எத்தனை பேர், மாலைக் கப்பலைத் தவறவிட்டு அக்கரையில் தங்கினார்கள்?

நான் நாள் எண்ணிக் காத்திருந்தேன். பதில் வந்தது. கேளுங்கள், என் அருமை மக்களே, காது கொடுத்துக் கேளுங்கள்! ஒருவருமில்லை. அந்தக் கப்பலைப் பற்றி ஒரு புகாரும் வந்ததில்லை. ஆகவே நேர அட்டவணையை மாற்றும் எண்ணம் இல்லை.

ஒருவருமில்லை! என் கணவர் ஒருவரும் இல்லையா? அவருடைய வீங்கிய கால் ஒருவருடைய காலும் இல்லையா? கொதித்துப்போய் இஷ்பெலுக்குப் போன் செய்தேன். “பொய் சொல்றாங்கம்மா!” என்றேன். பிறகு கேட்டார், மெதுவாக. “எஃபி, லாக்லன் ஒரு தடவையாவது கப்பலத் தவறவிட்டிருக்காரா?”

நான் வாயடைத்து நின்றேன். நான்! வாயடைத்து! போதகர் அவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இப்படி ஒன்று இந்தத் தீவில் நடந்திருக்கிறது.

அந்தப் பதில் பொய் இல்லை, சபையோரே. உண்மை. அந்த ‘ஒருவருமில்லை’யை எழுதியது யார்? எடின்பரோவா? அமைச்சரா? அவருடைய குமாஸ்தாவா? இல்லை! டோர்மட் எழுதினார், மூடுபனி என்று. லாக்லன் எழுதினார், கையெழுத்துப் போட்டு ஊசியைக் கழற்றி. நீங்கள் எழுதினீர்கள், கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு. நானும் எழுதினேன், உப்புக் கணக்கு மட்டும் பார்த்துக்கொண்டு. ஒருவரையொருவர் அவ்வளவு அழகாகத் தாங்கிக்கொண்டோம், தாங்க வேண்டிய தேவையே இல்லாத ஊர் என்று அரசாங்கம் நம்பிவிட்டது!

இனி என்ன கேட்பது? வழி ஒன்றுதான் இருந்தது. உத்தரவு வருவதற்கு முந்திய குளிர்காலத்தில் அந்தக் கப்பல் எந்தெந்தக் கிழமைகளில் தாமதமாகப் புறப்பட்டது, என்ன காரணம் எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும். கேட்டால் மூடுபனியின் ஒழுக்கம் வெளியே வந்துவிடும். கூடவே டோர்மட்டின் பொய்யும் வெளியே வந்துவிடும். பதிவேட்டில் பொய் எழுதிய கேப்டனை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

லாக்லன் ஒரே போடாகப் போட்டார். “கேக்கக் கூடாது எஃபி. கேட்டா நான் ஆஸ்பத்திரிக்கே போக மாட்டேன்.” அப்படிச் சொன்னவர் சொன்னபடி செய்வார். உங்களுக்குத் தெரியும்.

நான் அவரிடம் சொல்லாமல் துறைமுகத்துக்குப் போனேன். டோர்மட் கப்பலின் பக்கவாட்டில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். கேப்டன், முகத்தைத் திருப்பாதீர்கள், நான் சொல்லத்தான் போகிறேன்.

“வா எஃபி. லாக்லன் நேரத்துக்கு வந்துடுறானே, ஆஸ்பத்திரியில சீக்கிரம் முடிச்சிடுறாங்களா?”

“முடிக்கல டோர்மட். அவரே முடிச்சிக்கிறாரு. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே ஊசியப் பிடுங்கிட்டு ஓடி வர்றாரு. உன் வேல போயிடக் கூடாதாம்.”

டோர்மட்டின் கையிலிருந்த தூரிகை அப்படியே நின்றது. வெள்ளைப் பெயிண்ட் அவருடைய காலணி மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

“அந்த மடையன்!” என்றார். “அந்த வடிகட்டின மடையன்! இங்க வந்து என்கிட்ட வானிலை பேசிட்டுப் போறானே! ஏம்மா, எனக்குத் தெரிஞ்சிருந்தா நங்கூரத்தையே தூக்கியிருக்க மாட்டேனே!”

“தெரியக் கூடாதுன்னுதான் வானிலை பேசினாரு.”

பிறகு நான் கேள்வியைச் சொன்னேன். அது அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் சொன்னேன். ஒளிக்கவில்லை. அவர் கடலையும் பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை.

“கேளு. இன்னைக்கே கேக்கச் சொல்லு. மூடுபனின்னு எழுதினது என் கை. அதுக்குப் பதில் நான் சொல்லிக்கிறேன். கப்பல் இல்லாட்டி எனக்கு மீன்பிடிக்கத் தெரியும். அவன் இல்லாட்டி நான் யாருகிட்டம்மா சண்டை போடுறது?”

உட்காருங்கள் கேப்டன்! இல்லை, உட்காரமாட்டார். சரி, நிற்கட்டும். அப்படி நிற்கும் மனிதர்களால்தான் இந்தத் தீவும் நிற்கிறது!

கேள்விகள் போயின. ஒன்று போக்குவரத்து அமைச்சருக்கு: மாலைக் கப்பல் எந்தக் கிழமைகளில் தாமதம், என்ன காரணம்? இன்னொன்று சுகாதார அமைச்சருக்கு: அக்கரையில் சிகிச்சை எந்தக் கிழமைகளில், எத்தனை மணிக்கு முடிகிறது? திட்டு இல்லை, வாதம் இல்லை. இரண்டே இரண்டு கேள்வி.

இரண்டு பதிலும் ஒரே நாளில் வந்தன. ஒரு தாளில்: திங்கள், புதன், வெள்ளி; தாமதம்; மூடுபனி. மற்ற நாட்களில் தாமதமே இல்லை. இன்னொரு தாளில்: திங்கள், புதன், வெள்ளி, சிகிச்சை முடியும் நேரம் ஆறு. தனித்தனியே பார்த்தால் இரண்டும் சாதுவான தாள்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! பேசுகின்றன! ஒரு மனிதனின் கதையைப் பேசுகின்றன! செய்தித்தாளில் ஒரு பெண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டாள். கீழே அவள் ஒரு வரியும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

அதோடு முடிந்துவிடவில்லை. டோர்மட்டைக் கம்பெனி விசாரணைக்குக் கூப்பிட்டது. விஷயம் லாக்லனுக்குத் தெரிந்துபோய் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில், ஒரே மேசையில், உப்பைக்கூட நாயிடம்தான் கேட்டார். ‘கேக்கச் சொன்னதே நான்தான்டா’ என்று டோர்மட் இழுத்துக் கப்பலேற்றியிருக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்க மாட்டார். நான் செய்தது சரிதானா? நண்பனின் பிழைப்பைக் கெடுத்துக் கணவனின் உயிரைக் காப்பாற்றினேனா? இல்லை, இரண்டையும் கெடுத்துவிட்டேனா? அந்த நாட்களில் நீங்கள் செய்ததை நான் மறக்கமாட்டேன். இந்தத் தீவில் யாரும் எதற்கும் புகார் எழுதியதில்லை அல்லவா? எழுதினீர்கள்! கப்பலில் வந்த ஒவ்வொருவரும் கம்பெனிக்கு எழுதினீர்கள்! அந்த மாலைகளில் மூடுபனி இல்லை, ஒரு மனிதனுக்காக நாங்களும் சேர்ந்துதான் காத்திருந்தோம், தண்டனை என்றால் எங்களுக்கும் கொடுங்கள் என்று எழுதினீர்கள். ஒரு தாய் மூன்று முறை எழுதியதாகக் கேள்வி. மார்சலி, கையைத் தூக்காதே, தெரியும்.

கடைசிப் பதிலை இஷ்பெல் போனில் படித்தார். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கேட்டேன். அடுத்த திங்கள் முதல், திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மாலைக் கப்பல் ஆறே முக்காலுக்குப் புறப்படும். கேப்டன் மீது நடவடிக்கை இல்லை. ஆனால், தாமதத்துக்கான காரணத்தைப் பதிவேட்டில் எழுதுவது எப்படி என்று அவருக்கு ஒரு நாள் பயிற்சி அளிக்கப்படும்.

சிரியுங்கள்! அன்று நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அழுதுகொண்டே எழுந்து ஓடி, வாசலில் இருந்த பலகையை இரண்டு கையாலும் பிடுங்கினேன். ஆடுகள் மிரண்டு ஓடின. லாக்லன் வெளியே வந்து பார்த்தார். என்னோடு பேசாத வாயைத் திறந்து ஒரே வார்த்தை கேட்டார். “டோர்மட்?” வேலை இருக்கிறது என்றேன். அதன் பிறகுதான் அந்த மனிதர் என்னைக் கட்டிக்கொண்டார். தனக்காக அல்ல, தன் நண்பனுக்காக! அட, கட்டிக்கொண்டாரா, இல்லையா? எனக்கு அது போதும்.

என் அன்புக்குரிய மக்களே! நாம் உதவுவோம். நம் இரத்தத்தில் அது ஊறியது, எந்த இயந்திரமும் அதைச் சுத்தம் செய்துவிட முடியாது. ஆனால் உதவிவிட்டு மூடி மறைக்காதீர்கள்! வலிக்கிறதா? சொல்லுங்கள். வரவில்லையா? கேளுங்கள். கிடைக்கவில்லையா? எழுதுங்கள். மருத்துவமும் கப்பலும் பள்ளியும் சாலையும் யாரோ நமக்குப் போடும் பிச்சையா? நம் வரியில் நடக்கும் நம் பணிகள்! அவற்றைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவா? கேட்காமல் சாவதா மரியாதை? கோபமாய்க் கேட்க வேண்டாம், சரியாய்க் கேளுங்கள். ஒரு கேள்வி விழலாம், இரண்டாவது தடுமாறலாம், மூன்றாவது கதவைத் திறக்கும்! கேட்கிறவன் ஊருக்குத் துரோகியல்ல; கேட்கிறவனால்தான் ஊர் ஊராய் இருக்கிறது!

போதகர் கடிகாரத்தைத் தட்டிப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன்.

இந்தத் திங்கட்கிழமைதான் முதல் நாள். துறைமுகத்தில் நின்றேன். கப்பல் நேரத்துக்கு வந்தது. லாக்லன் ஓடி வரவில்லை, நடந்து வந்தார். முழுச் சிகிச்சையும் முடித்த முகம். அந்த நிறத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் வைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இந்தப் புது நேரம் ரொம்ப லேட்டு எஃபி. மனுசன் எப்பத்தான் சாப்பிடுறது? கப்பல்ல ஒரு பன்னு கூட நல்லா இல்ல. இத யாருகிட்ட சொல்றது?”

சபையோரே, திருமணமான நாளிலிருந்து அந்த மனிதர் தனக்காக ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. நான் எழுந்துபோய்க் காகிதமும் பேனாவும் எடுத்துவந்து அவருடைய தட்டின் பக்கத்தில் வைத்தேன்.

எழுதினார்! இஷ்பெல் அவர்களே, அந்தக் காகிதம் இதோ என் பையில் இருக்கிறது, போகும்போது மறக்காமல் வாங்கிக்கொண்டு போங்கள். வாய்ப்பளித்த தலைவருக்கும், வழிகாட்டிய உறுப்பினருக்கும், காத்திருந்த கேப்டனுக்கும், கூடவே காத்திருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் இந்த எஃபியின் நெஞ்சம் நிறைந்த நன்றி. நாற்காலிகளை ஓரமாய்த் தள்ளுங்கள், ஆட்டம் தொடங்கட்டும். வணக்கம்!